சக்கையின் சக்கையில் இருந்து பெக்டின் எடுப்பது எப்படி

வெளியூர்க்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலா. மற்ற ஊர்களில் சாறு பிழிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் சக்கை என்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரை சக்கையின் சக்கையைப் பற்றியது. சுளையை எடுத்த பிறகு தூக்கிப் போடும் முள்மடல், சுளைகளுக்கு நடுவே கிடக்கும் நார், நடுத்தண்டு, இவற்றில் இருந்து உருப்படியாக ஒன்றை எடுப்பது எப்படி என்று, இதுவரை செய்தே பார்க்காத ஒருவருக்குச் சொல்வது போல எழுதுகிறேன்.

மாசி, பங்குனியில் மார்த்தாண்டம் பக்கம் சக்கை சிப்ஸ் போடும் ஏதாவது ஒரு வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். சுளை ஒரு கூடை என்றால் கழிவு இரண்டு கூடை கிடக்கும். கொஞ்சம் மாட்டுக்குப் போகும், மிச்சம் விளையின் (தோப்பின்) ஓரத்தில் குவிந்து, மூன்றாம் நாள் ஈ மொய்த்து, அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். அதே வீட்டில் குழந்தைக்கு வாங்கி வைத்திருக்கும் ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பொருள் பட்டியலில் 440 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் பெக்டின். ஜாமை ஜாமாக உறைய வைப்பது அது. பின்னால் அழுகிக் கிடப்பதும் முன்னால் காசு கொடுத்து வாங்கியதும் ஒரே வகைப் பொருள் என்று தெரிந்த நாளில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பழக்கழிவில் இருந்து எடுக்கக்கூடியவை பல இருக்கின்றன. பெக்டின் மாதிரி நார்ப்பொருள், துவர்ப்பைக் கொடுக்கும் பாலிபீனால்கள், நொதிகள், நிறமிகள், வாசனை எண்ணெய்கள். இதற்கெல்லாம் பெரிய ஆலை வேண்டும் என்று பயப்பட வேண்டாம், நம் வீடுகளில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தண்ணீரில் இறக்கினால் கஷாயம், எண்ணெயில் இறக்கினால் தைலம், நொதிக்கவிட்டு அதில் உண்டாகும் சாராயத்திலேயே இறங்கவிட்டால் அரிஷ்டம். எந்தப் பொருள் எதில் கரையுமோ அதை வைத்து இறக்குகிறோம், அவ்வளவுதான். பெக்டின் சூடான புளித்த தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. கீழே வரும் முழு வேலையும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்: புளித்த வெந்நீரில் கரைத்து எடு, ஆல்கஹாலை ஊற்றித் திரளவை.

பெக்டினைப் பிரித்து அதற்குப் பெயர் வைத்தவர் ஹென்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1825-ல். இன்றைக்கும் உலகச் சந்தைக்கு வரும் பெக்டினில் பெரும்பகுதி ஜூஸ் ஆலைகளின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருந்தும் ஆப்பிள் பிழிந்த சக்கையில் இருந்தும்தான் எடுக்கப்படுகிறது. நம்மிடம் ஆரஞ்சும் இல்லை, ஆப்பிளும் இல்லை. சக்கை இருக்கிறது. அதிலும் ஒரு வசதி உண்டு. நம் விளைகளில் நிற்கும் சக்கை மரத்துக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் தோலில் பூச்சிமருந்து இருந்தால், நல்லதைச் செறிவாக்கும்போது அதையும் சேர்த்துச் செறிவாக்கிவிட வாய்ப்பு உண்டு. எந்தப் பழத்தின் தோலை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

எந்தச் சக்கை, எந்தப் பாகம்

சிப்ஸுக்கு வெட்டும் சக்கை விளைந்திருக்கும், ஆனால் பழுத்திருக்காது. நமக்கு வேண்டியது அதுதான். காயாக இருக்கும்போது பெக்டின் செல் சுவரில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழுக்கப் பழுக்கப் பழத்தின் நொதிகளே அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன, பழம் மெத்தென்று ஆவது அதனால்தான். அளவுக்கு மீறிப் பழுத்த கூழன் சக்கையின் (சுளை கூழாகக் குழையும் வகை) கழிவை வைத்து எவ்வளவு மெனக்கெட்டாலும் திரட்சி வராது. சுளை கெட்டியாக நிற்கும் வருக்கையே ஆனாலும் கை வைத்தால் அமுங்கும் அளவுக்குப் பழுத்ததென்றால் நாரை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.

பாகத்தில், நாரும் மடலின் உள்பக்கத்து வெள்ளைச் சதையும் நல்லது. வெளி முள்ளில் நிறமும் துவர்ப்பும் தான் அதிகம், அதைச் சீவிவிட்டால் கடைசியில் வரும் பொடி வெளுப்பாக இருக்கும். சோம்பலாக இருந்தால் முள்ளோடும் செய்யலாம், பழுப்பாக வரும், பரவாயில்லை. நடுத்தண்டில் பால் அதிகம். முதல் தடவை அதைத் தொடவே வேண்டாம்.

சக்கைப் பால் பற்றி இன்னொன்று. வெட்டுகிற கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவுவது சரி. ஆனால் வெட்டி முடித்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் கத்தியைத் துடைத்து, அந்தத் துணியைக் கழிவுக் குவியலிலேயே வீசும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கழிவு வாங்கப் போகும் இடத்தில் இதை முன்கூட்டியே சொல்லி, தனியாக ஒரு சுத்தமான கூடையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "குப்பைக்கு எதுக்கு நல்ல கூடை?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல் இரண்டு மணி நேரம்

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன்.

முதல் தடவை ஒரு சிப்ஸ் வீட்டில் இருந்து ஒரு சாக்கு நிறையக் கழிவைக் காலையில் வாங்கிவிட்டேன். அன்று மதியம் ஒரு கல்யாண வீடு. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்கின் வாயைக் கட்டி வண்டிக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் மழை, கரண்ட் வேறு இல்லை. அடுத்த நாள் காலையில் அவிழ்த்தால் உள்ளே வெந்நீர் வைத்தது மாதிரி சூடு, வினிகர் நெடி, குட்டி ஈக்கள் புகை போல எழும்பின. "நாத்தம்தானே, கொதிக்க வைத்தால் போய்விடும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு முழு வேலையையும் செய்தேன். இரண்டு நாள். கடைசியில் ஸ்பிரிட்டை ஊற்றியபோது திரள வேண்டிய இடத்தில் சிலந்தி வலை மாதிரி நாலு இழை மிதந்தது. அவ்வளவுதான் பெக்டின். அடுப்பு சரி, அளவு சரி, ஆசிட் சரி. சாக்கில் கிடந்த அந்த ஒரு ராத்திரியில் நுண்ணுயிர்களும் பழத்தின் சொந்த நொதிகளும் சேர்ந்து அத்தனையையும் தின்று முடித்திருந்தன.

அதனால் இப்போது எனக்கு ஒரே கணக்குதான். கத்தி பட்டதில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கழிவு வெந்நீரைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதற்கு மேல் தாங்காது. முடியாவிட்டால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

செய்வது எளிது. நாரையும் உள்தோலையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு தண்ணீரில் அலசி, தளதளவென்று கொதிக்கும் வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம். அதற்கு மேல் போகவேண்டாம், நொதியை அடக்குவதற்குத்தான் இந்தக் குளியல், வேகவைப்பதற்கு இல்லை. வடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னொரு முறை அலசி, கையால் பிழியுங்கள். நாரில் இருக்கும் இனிப்பு இந்தத் தண்ணீரோடு போய்விடும். இனிப்பு மிஞ்சினால் பின்னால் காயவைக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டும், எறும்பும் வரும்.

காயவைப்பது

வெயில் இருந்தால் ஓலைப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துவர்த்து (துண்டு) போட்டு மூடினால் இரண்டு, மூன்று நாளில் காயும். சிக்கல் என்னவென்றால் சக்கைக் காலம் வைகாசியைத் தாண்டி நீளும், அதற்குள் நம் ஊரில் மழை பிடித்துவிடும். சின்னதாக ஒரு சூரிய உலர்த்திப் பெட்டியோ, 50, 55 டிகிரி செல்சியஸில் நிற்கும் மின் உலர்த்தியோ இருந்தால் கவலை இல்லை. 60-ஐத் தாண்டவிடாதீர்கள், நிறம் கறுக்கும்.

ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடு வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு யோசனை உங்களுக்கு வரும். எல்லோருக்கும் வரும். வேண்டாம். அந்தப் புகை வாசனை ஏறினால் எந்தக் கழுவலிலும் போகாது, அதோடு புகைக்கரி சாப்பாட்டுப் பொருளில் சேரக்கூடாத சாமான்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு நாரை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் காயவில்லை. டப்பென்று முறிந்தால் சரி. ஒரு கிலோ பச்சை நாருக்கு 150 முதல் 200 கிராம் வரை காய்ந்தது கிடைக்கும். மிக்சியில் ரவைப் பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்துவிட்டால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொண்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் இந்தப் பொடியை மாதக்கணக்கில் வைக்கலாம். அதாவது அவசரமெல்லாம் இதுவரைதான், இனி நிதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்துகொள்ளலாம்.

அடுப்பில்

சாமான் அதிகம் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் (அலுமினியம் கூடாது, புளிப்பு அதை அரிக்கும்), சமையல் வெப்பமானி ஒன்று, பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பார்க்கும் தாள், கிராம் காட்டும் சின்னத் தராசு, நல்ல மல் துணி. பி.எச். தாளும் வெப்பமானியும் பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ஆசிட் என்றதும் நம் மாவட்டத்தில் பாதிப் பேரின் கை ரப்பர் ஷீட் அடிக்கும் ஆசிட் கேனுக்குப் போகும். அது பார்மிக் ஆசிட். இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள். ஆலைகளில் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள், அதையும் வீட்டில் நினைக்க வேண்டாம். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் போதும். கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் கை தவறிக் கொட்டினாலும் கண் போகாது.

முதல் தடவைக்கு 50 கிராம் பொடி போதும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சிட்ரிக் ஆசிடைக் கரைத்து, பொடியைப் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தாளை நனைத்துப் பாருங்கள். பி.எச். 2-க்கும் 2.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்கு மேலே காட்டினால் இன்னும் ஒன்றிரண்டு கிராம் ஆசிட், மறுபடி தாள். பிறகு அடுப்பு. 80, 85 டிகிரியில் ஒரு மணி நேரம், அடிக்கடி மரக்கரண்டியால் கிளறிக்கொண்டு. கொதிக்கவிடாதீர்கள். கொதி வந்தால் வேகமாக இறங்கும் என்று தோன்றும், ஆனால் இறங்கிய பெக்டினின் நீளமான இழைகளே அந்தச் சூட்டில் உடைந்து போகும், உடைந்த பெக்டினுக்கு உறையவைக்கும் திராணி இருக்காது. அரைமணி நேரம் தாண்டும்போது கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் போலச் சொட்டிக்கொண்டிருந்தது இப்போது கொஞ்சம் தயங்கி, கஞ்சித் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும். வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஆறவிடாமல் சூட்டோடு வடிகட்ட வேண்டும், ஆறினால் துணியில் இறங்காது. மல் துணியை இரண்டாக மடித்து, முதலில் தானாக வடியவிட்டு, கடைசியில் லேசாக முறுக்குங்கள். நெருக்கிப் பிழிந்தால் கலங்கல் வந்துவிடும். சுமார் 900 மி.லி. சாறு கிடைக்கும். அதை மிதமான தீயில் 300 மி.லி. ஆகும்வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் சாறு, மூன்று ஸ்பூன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெதுவாக ஒரு சுழற்று. ஒரு நிமிடத்தில் ஜெல்லி மாதிரி ஒரே கட்டியாகத் திரண்டால் சாறு அருமை. நாலைந்து துண்டாக வந்தால் சுமார். இழை இழையாக மிதந்தால் என் கல்யாண வீட்டுக் கதைதான். இந்த டம்ளரில் உள்ளதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், கீழே கொட்டிவிடுங்கள்.

திரளவைப்பது

எத்தனால் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதை வாங்கி வைத்திருக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். வர்ணக்கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும், விஷம். கை கழுவும் சானிடைசரில் கிளிசரினும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வழி, ஆய்வக ரசாயனக் கடைகளில் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு கட்டளை மாதிரியே சொல்கிறேன்: அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, பாத்திரத்தைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோன பிறகுதான் ஆல்கஹால் பாட்டிலைத் திறக்க வேண்டும். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ எரிகிற விளக்கில் பிடித்துத் திரும்பி வரும். பீடி பற்றவைத்தபடி வேடிக்கை பார்க்க வரும் மாமாக்களையும் அப்புறப்படுத்துங்கள்.

ஆறிய 300 மி.லி. சாற்றுக்கு 600 மி.லி. ஆல்கஹால். மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே ஒரு குச்சியால் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் பால் மாதிரி வெளுக்கும், பிறகு அடியில் இருந்து மேகம் போலப் பொதபொதவென்று ஒன்று எழும்பி, சேர்ந்து சேர்ந்து, அரைமணி நேரத்தில் மேலே ஒரே ஆடையாக மிதக்கும். என் மைனி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சக்கையா ரப்பர் பாலா?" என்று கேட்டாள். அச்சு அசல் அதேதான். டிஷ்ஷில் ஆசிட் ஊற்றிய ரப்பர் பால் உறைகிறதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் புதிதாக ஒன்றும் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

ஒரு மணி நேரம் அப்படியே வைத்து, மல் துணியில் அள்ளிப் பிழியுங்கள். பிழிந்த உருண்டையை விரலால் உதிர்த்து, புது ஆல்கஹாலில் முக்கி மறுபடி பிழியுங்கள். இப்படி இரண்டு முறை. ஆசிடும் நிறமும் மிச்ச இனிப்பும் இதில் போகும். கடைசியில் கையில் நிற்பது ஈரப் பஞ்சு மாதிரி ஒரு சாமான். அதைத் தட்டில் உதிர்த்துக் காற்றோட்டமான நிழலில் நெடி போகும்வரை வைத்து, அதற்குப் பிறகுதான் உலர்த்தியில், 45 டிகிரியில். நெடி போகும் முன் மின் உலர்த்திக்குள் வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் அதிலும் உண்டு. காய்ந்ததும் பொடியுங்கள். 50 கிராம் பொடியில் இருந்து 5 கிராம் வந்தால் முதல் தடவைக்கு நல்ல வசூல்.

வந்த பொடி பெக்டின்தானா, அதற்குச் சத்து இருக்கிறதா? வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. 2 கிராம் பொடியை 20 கிராம் சீனியோடு உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள், நேரே தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகி உள்ளே நனையவே நனையாது. 100 மி.லி. வெந்நீரில் தூவிக் கரைத்து, இன்னும் 110 கிராம் சீனி சேர்த்து, மொத்தம் 200 கிராம் ஆகும்வரை கொதிக்கவிட்டு, இறக்கும்போது ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஒரு கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் கவிழ்த்தால் வடிவம் குலையாமல் நடுங்கிக்கொண்டு நின்றால் உங்கள் பெக்டின் தேறிவிட்டது. கடையில் விற்கும் பெக்டினை 150 தரம் என்பார்கள். ஒரு கிராம், 150 கிராம் சீனியைப் பிடித்து உறையவைக்கும் என்று பொருள். நம்முடையது 2 கிராமுக்கு 130 கிராம் சீனியைப் பிடித்திருக்கிறது, அதாவது 65 தரம். கவிழ்த்துப் பார்த்ததோடு சரி, ஆல்கஹாலில் எடுத்த இந்தப் பொடியை வீட்டில் யாருக்கும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். உணவுக்கான பெக்டினில் மிஞ்சும் ஆல்கஹால் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச வரையறை, அதை அளக்க ஆய்வகம் வேண்டும்.

ஆல்கஹால் வேண்டாமென்றால்

சாப்பிடத்தான் வேண்டும், அதுவும் வீட்டுக்கு மட்டும் என்றால் பொடி வரைக்கும் போகவே தேவையில்லை. சுண்டவைத்த அந்த 300 மி.லி. சாறே நீர்மப் பெக்டின். சூடாகவே கொதிநீரில் கழுவிய பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். கைதச்சக்கை ஜாம் (அன்னாசிதான், கடைசியில் அதற்கு வருகிறேன்) கிண்டும்போது இதைச் சேர்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் சொந்தப் பெக்டின் குறைவு. நிறைய நேரம் கிண்டிக் கறுக்கவைக்க வேண்டியதில்லை. சாற்றில் ஏற்கெனவே ஆசிட் இருப்பதால் எலுமிச்சை தனியாகப் பிழிய வேண்டாம், புளிப்பைப் பார்த்துச் சீனியை வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் புதிதாக வருகிற எல்லோரும் இங்கேயே ஒரு சீசன் நின்றுவிட்டு, பிறகு ஆல்கஹால் பக்கம் போகலாம்.

ஏத்தங்காய்த் தோல்

சக்கை சீசனுக்குத்தான், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வருடம் முழுக்க. நாகர்கோவிலில் எண்ணெய்ச் சட்டி வைத்த கடை ஒவ்வொன்றிலும் தோல் மலையாகக் கிடக்கும். இதில் நாம் தேடுவது துவர்ப்பு, அதாவது பாலிபீனால். வாழைக்காய் நறுக்கினால் கையில் கறை பிடிக்கிறதே, அந்த வேலையைச் செய்யும் கூட்டம்தான்.

இங்கே கடிகாரம் இன்னும் வேகம். தோல் உரிந்து காற்றுப் பட்ட உடனே அதன் நொதி துவர்ப்புப் பொருளைப் பழுப்பாக மாற்ற ஆரம்பித்துவிடும். தோல் கறுப்பதைக் கண்ணால் பார்க்கலாம், நீங்கள் எடுக்க நினைத்த பொருள்தான் அப்படிக் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே கடையிலேயே உப்புத் தண்ணீரில் போட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் இட்லிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். வெந்நீரில் போட்டு எடுத்தால் வேண்டியதும் தண்ணீரோடு போய்விடும், அதனால் ஆவிதான் நல்லது. பிறகு உலர்த்தி, பொடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு 70 டிகிரியில் அரைமணி நேரம், வடிகட்டு. ஆய்வகங்களில் தண்ணீரும் எத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்து எடுப்பார்கள், இன்னும் கூடுதலாக இறங்கும்.

இருக்கிறதா என்று பார்க்க நம் பாட்டன் காலத்துச் சோதனையே இருக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டால் கறுப்பு மை ஆகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் சாறு, அதில் அன்னபேதிக் கரைசல் நாலு சொட்டு. கரும்பச்சையோ கருநீலமோ ஓடினால் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மட்டும் ஆய்வகம். இதையும் குடிக்க வேண்டாம். வியாபாரத்துக்கு வரும் வாழைக்குக் கொல்லையில் என்ன அடித்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது.

இதே முறையில் மங்குஸ்தான் ஓட்டில் இருந்தும் எடுக்கலாம், அதில் துவர்ப்போடு மாங்கோஸ்டின் என்ற மஞ்சள் பொருளும் உண்டு. அது வெறும் தண்ணீரில் சரியாக இறங்காது, ஆல்கஹால் வேண்டும். மலையோரத் தோட்டங்களில் பழக்கம் இருந்தால் ஓட்டைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள்.

கைதச்சக்கை

அன்னாசித் தோலிலும் தண்டிலும் புரோமலைன் என்ற புரதம் வெட்டும் நொதி இருக்கிறது. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதில் அதற்கும் பங்குண்டு. இங்கே நாம் சக்கையில் செய்தது எல்லாமே தலைகீழ்: வெந்நீர் கூடாது, வெயில் கூடாது. 60 டிகிரியைத் தாண்டினால் நொதி செத்துவிடும். தோலைக் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு அரைத்து, பிழிந்து, உடனே குளிர்சாதனப் பெட்டி. அதற்கு மேல் சுத்தப்படுத்த ஆய்வகக் கருவிகள் வேண்டும், வீட்டு வேலை இல்லை. ஆனால் வேடிக்கையாக ஒன்று செய்யலாம். ஜெலட்டின் ஜெல்லி இரண்டு கிண்ணம் கலக்கி, ஒன்றில் பச்சைச் சாறு, இன்னொன்றில் கொதிக்கவைத்த சாறு. பச்சைச் சாறு விட்டது உறையவே உறையாது. கடல்பாசியில் செய்தால் இரண்டுமே உறைந்துவிடும், ஏனென்றால் கடல்பாசி புரதம் இல்லை, வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல விளையாட்டு.

விற்கலாமா

கேட்காமல் இருக்க மாட்டீர்கள். சுருக்கமாக: ஆல்கஹால் வைத்து வீட்டில் எடுத்ததை விற்கக்கூடாது. வீட்டுச் சாற்றில் போட்ட ஜாமை விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். "சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும்" என்று லேபிளில் எழுதிச் செறிவுச் சாறு விற்க நினைத்தால் அதற்கு 2016-ல் வந்த தனி ஒழுங்குமுறை இருக்கிறது, நோய் தீரும் என்று எழுதவே முடியாது. பெரிதாகச் செய்யும் எண்ணம் இருந்தால் பொடியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உணவுப் பெக்டின் என்றால் அதில் பெக்டின் இழையின் கண்ணியான கேலக்டூரோனிக் அமிலம் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அந்த எண்ணை வாங்கிவிட்டுப் பிறகு முதலீட்டைப் பேசலாம். யோசனை கேட்க நமக்கு ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாமல் காய்ந்த பொடி கால் கிலோவும் ஒரு நோட்டும் கொண்டுபோங்கள். நோட்டில் எந்த மரம், வருக்கையா கூழனா, வெட்டிய நேரம், வெந்நீரில் போட்ட நேரம், பி.எச்., சூடு, கடைசியில் வந்த எடை. வெட்டிய நேரம் எழுதாத நோட்டு ஒரு உதவிக்கும் ஆகாது, எந்தத் தடவை ஏன் கெட்டது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம், பாத்திரத்தில் மிஞ்சும் பொடியை என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள், சக்கையின் சக்கையின் சக்கை. அதில் புளிப்பு நிற்கும், மாட்டுக்குப் போடாதீர்கள். இரண்டு தண்ணீரில் அலசி, ஒரு கை அடுப்புச் சாம்பல் கலந்து, தாள் 6, 7 காட்டியதும் தென்னை மூட்டில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுங்கள். ஆல்கஹால் பிழிந்த தண்ணீரை மட்டும் அதில் ஊற்ற வேண்டாம். காய்ச்சி வடித்து மீட்டெடுக்கலாம் என்று குக்கரைத் தேடவும் வேண்டாம். அது ஆபத்து, ஊர்க்காரர்கள் பார்த்தால் வேறு ஏதோ காய்ச்சுகிறீர்கள் என்று போலீசுக்கும் போன் போய்விடும். மூடி போட்ட பாட்டிலில் வைத்து, அடுத்த தடவை முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.